பெருங்குடல் கட்டியில் டெஸ்மின் குறைவது பற்றி

பெருங்குடல் புற்றுக்கட்டியையும் இயல்பான குடல் துண்டையும் ஒப்பிட்ட உங்கள் தரவில் டெஸ்மின், எம்ஒய்ஹெச்11 என்ற இரண்டு மரபணுக்களின் செயல்பாடும் கட்டியில் பலமடங்கு குறைந்திருக்கிறது, எல்ஜிஆர்5 என்ற மரபணுவின் செயல்பாடு கூடியிருக்கிறது; முதலிரண்டும் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அவை தசைச் செல்களின் மரபணுக்கள். ஒப்பிட எடுத்த இயல்புத் துண்டில் குடல் சுவரின் தசையும் சேர்ந்து வந்திருக்கும், கட்டித் துண்டில் அது குறைவு. பெரும்பாலும் விஷயம் அவ்வளவுதான்.

எல்ஜிஆர்5 கதை வேறு. இயல்பான பெருங்குடலின் உட்பரப்பில் கிரிப்ட் எனப்படும் நுண்குழிகள் உண்டு. அடியில் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்; எல்ஜிஆர்5 இவற்றில்தான் இயங்கும். செல்லைப் பெருகச் சொல்லும் வின்ட் என்ற சமிக்ஞையால் இவை பிரிந்துகொண்டே இருக்கும். மேலேற ஏற சமிக்ஞை குறையும், செல் முதிரும், சில நாளில் உதிரும். வின்ட் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம் பீட்டா-கேட்டெனின்; அதைச் சிதைக்க உதவும் ஏபிசி மரபணு பழுதானால் அது சிதையாமல் தேங்கிவிடும். செல் எங்கிருந்தாலும் குழியின் அடியில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். நெதர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு 2002இல் காட்டியது இதைத்தான். ஆக, எல்ஜிஆர்5 போலக் கட்டியில் கூடியிருக்கும் உங்கள் 'புற்றுநோய் மரபணு'க்களில் பல, ஆரோக்கியமான குடலிலும் அடியில் வேலை செய்பவையே.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த ஒற்றைச் செல் தரவு கிடைத்தால், குடலின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்களை மட்டும் பிரித்து, கட்டியை இயல்புக் குழியின் அடிச் செல்களோடு ஒப்பிடுங்கள். அப்புறமும் மிஞ்சும் மரபணுக்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.