எப்படித் தெரிந்தது? ஆய்வு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக ஆய்வுகளைப் பற்றியவை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவள் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கும் பிடித்த விஷயம்தான்.

கேள்வி: டீச்சர், என் மகன் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கணிதத்திலேயே பட்டம் படிப்பேன் என்கிறான். அவன் அப்பாவோ, "கணக்கு படித்து என்ன செய்யப் போகிறான், பொறியியல் எடுக்கட்டும்" என்கிறார். வெறும் கணித ஆய்வால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: அப்பாவின் கவலை நியாயமானதுதான் அம்மா. எக்ஸ்ரே பாய்ச்சி உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

1917-ல் ஜோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளின் ஊடே எல்லாத் திசைகளிலும் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சேரும் கூட்டுத்தொகை தெரிந்துவிட்டால் போதும். உள்ளே எந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். தர்பூசணியை வெட்டாமலே விதை எங்கே இருக்கிறது என்று சொல்வது மாதிரி. மருத்துவமனை எதையும் மனதில் வைத்து அவர் அதை எழுதவில்லை.

1950களில் கேப் டவுனில் ஆலன் கோர்மாக் என்ற இயற்பியலாளருக்கு, மனித உடம்பை வைத்து இதே கேள்வி வந்தது. ராடானின் கட்டுரை அவர் கண்ணில் படவில்லை. கணக்கை முதலிலிருந்து தாமே போட்டு 1963, 1964-ல் வெளியிட்டார். கவனித்தவர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் தனி வழியில் போய் இயந்திரத்தையே கட்டிவிட்டார். 1971 அக்டோபர் 1 அன்று ஒரு நோயாளியின் மூளையை அது முதன்முதலாகப் படம் பிடித்தது. 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இந்த இருவருக்கும் போனது. இருவருமே மருத்துவர்கள் அல்ல.

இதில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர் ஜி. என். ராமச்சந்திரன். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-ல், அந்தக் கணக்கைக் கணினியில் மிகக் குறைந்த நேரத்தில் போடும் வழியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே யோசனை 1967-லேயே ரேடியோ வானியலில் பிரேஸ்வெல் என்பவருக்கு வந்திருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், இவர்கள் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தார்கள், கணக்கு ஒன்றுதான்.

ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பெயர்களைச் சுருக்கி, அவர்களுடைய வழிக்கு இன்றும் "ராம்-லக் வடிகட்டி" என்றே பெயர். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்துகாட்டுவேன். கணினியில் ஒரு மண்டையோட்டு மாதிரிப் படம். அதன் நிழல்களை, அதாவது மேலே சொன்ன கோட்டுக் கூட்டுத்தொகைகளை, பல கோணங்களிலிருந்து எடுத்து, அப்படியே திரும்பப் பரப்பினால் திரையில் வருவது வெள்ளையாக அப்பிய மூட்டம். ஓரம் எது, உள்ளே எது என்றே தெரியாது. அப்புறம் ஒவ்வொரு நிழலையும் ராம்-லக் வடிகட்டியில் போட்டுப் பரப்பச் சொல்வேன். எலும்பின் விளிம்பு கோடு போட்டதுபோல வந்து நிற்கும். வகுப்பில் பின்வரிசையில் இருப்பவர்கள்கூட எழுந்துவிடுவார்கள்.

மகனைக் கணிதம் படிக்க விடுங்கள். கூடவே கணினியியலையோ புள்ளியியலையோ இன்னொரு முதன்மைப் பாடமாக எடுக்க இங்குள்ள பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. அப்பாவின் மனசும் ஆறும்.

கேள்வி: புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடுகிறது என்கிறார்கள். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இனி எங்களுக்கு வேலை இருக்குமா?
– உயிர்மருத்துவ மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: இருக்கும் கண்ணு. நீ சொல்வது ஆல்ஃபாஃபோல்டு. அதற்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவரும் 2024-ல் வேதியியல் நோபலில் பாதியைப் பெற்றார்கள். ஆனால் அது எதைப் படித்துக் கற்றுக்கொண்டது என்று பார். 1971-ல் வெறும் ஏழு புரதங்களோடு தொடங்கிய ஒரு பொதுத் தரவு வங்கி இருக்கிறது. உன்னைப் போன்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொன்றாக அதில் சேர்த்தார்கள். லட்சத்துக்கு மேல் சேர்ந்த பிறகுதான் இயந்திரத்துக்குப் பாடம் கிடைத்தது.

மேலே சொன்ன ராமச்சந்திரன் இங்கேயும் வருகிறார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று சென்னையில் அவர் குழு 1963-ல் வெளியிட்ட வரைபடம், ஒரு வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க இன்றும் பயன்படுகிறது. கணினி சொன்ன வடிவத்தையும் அதில் வைத்துப் பார். உன் பேராசிரியருக்கு உன்மேல் மதிப்பு கூடும்.

கேள்வி: எங்கள் புளோக்கில் ஆட்கள் வந்து டப்பா டப்பாவாகக் கொசுவைத் திறந்துவிடுகிறார்கள். கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுவதா? எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்களா? இது பலிக்கிறது என்று எப்படித் தெரியும்?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ஈசூன்

பதில்: ஐயா, நானும் ஈசூன்வாசிதான். அந்தக் கொசு என் கையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை அடிப்பதற்கு முன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் தலையைப் பாருங்கள். உணர்கொம்பு இறகு மாதிரிப் பொசுபொசுவென்று இருந்தால் அது ஆண். ஆண் கொசு கடிக்காது. பூந்தேன், செடிச்சாறு இவைதான் அதற்குச் சாப்பாடு.

விடப்படுகிற ஆண்களின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. பல பூச்சிகளில் இது இயற்கையாகவே உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் கிடையாது. இந்த ஆணோடு சேர்ந்த பெண் முட்டையிடும், ஆனால் முட்டை பொரியாது. வாரத்துக்கு வாரம் இப்படி நடந்தால் கூட்டம் குறையும்.

கடினமான இடம் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதுதான். வோல்பாக்கியா உள்ள பெண் தவறி வெளியே போனால், அது வோல்பாக்கியா உள்ள ஆணோடு சேர்ந்து நன்றாகவே குஞ்சு பொரிக்கும். அந்தச் சந்ததி ஊரில் நிலைத்துவிட்டால் பிறகு விடுகிற ஆண்களால் பயனில்லை. அதனால் கூட்டுப்புழுப் பருவத்திலேயே, பெண் சற்றுப் பெரிது என்பதை வைத்துச் சலித்துப் பிரிக்கிறார்கள். படம் பார்த்துப் பிரிக்கும் கணினியும் உண்டு. தெம்பனிஸ் பகுதியில் அதற்கு மேலும் பாதுகாப்பாக, தப்பிவரும் பெண் மலடாகும்படி மிதமான எக்ஸ்ரேயும் கொடுத்தார்கள். பூச்சியியல், பொறியியல், கணினி மூன்றும் ஒரு கொசுப் பண்ணையில் கைகோத்து நிற்பதைப் பாருங்கள்.

பலிக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான். சிங்கப்பூரில் 2020-ல் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. 2021-ல் 5,000 சொச்சம். 2022-ல் மறுபடி 32,000-ஐத் தாண்டியது. 2020-ல் கொசு விட ஆரம்பித்து 2021-ல் எண்ணிப் பார்த்தால், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் வெற்றி மாதிரிதான் தெரியும். ஆகவே "முன்பு இத்தனை, இப்போது இத்தனை" என்பது சாட்சியே ஆகாது. அதே ஆண்டில், அதே மழையில், கொசு விடாத இன்னொரு பேட்டையோடு ஒப்பிட வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் 2016-ல் பிராடல் ஹைட்ஸ், நீ சூன் ஈஸ்ட், தெம்பனிஸ் வெஸ்ட் ஆகிய இடங்களில் சிறிதாகத் தொடங்கியது. பிறகு குலுக்கல் முறையில் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடும் பெரிய ஆய்வுக்குப் போனது. நம் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் கறுப்புப் பொறி அதற்கான கணக்குப்பிள்ளைதான்: முட்டையிட வரும் பெண் கொசு உள்ளே பசையில் ஒட்டிக்கொள்ளும், அதை எண்ணுகிறார்கள். கொசு விட்ட இடங்களில் ஏடிஸ் எஜிப்டி 80 முதல் 90 சதவீதம் குறைந்தது என்றும், அங்கே குடியிருப்பவருக்கு டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம் குறைவு என்றும் வாரியம் சொல்கிறது.

இது சோதனைதானே என்றால், ஆமாம், ஐயா. பகுதி பகுதியாக, ஒப்பிட்டுப் பார்த்துச் செய்கிற சோதனை. ஊர் முழுக்க ஒரே நாளில் விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் "ஆர்கைவ்" தளத்துக் கட்டுரைகளைப் போடுகிறார்கள். யாரும் சரிபார்க்காத கட்டுரை என்கிறார் ஒருவர். நம்பலாமா, கூடாதா?
– மென்பொருள் பொறியாளர், தோ பாயோ

பதில்: தம்பி, அந்தத் தளம் 1991-ல் தொடங்கியது. கட்டுரையைச் சக அறிஞர்கள் சரிபார்த்து இதழில் வெளிவரும் முன்பே அங்கே போட்டுவிடலாம். ஒரே தளத்தில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

2002 நவம்பரில் ரஷ்யக் கணித அறிஞர் கிரிகோரி பெரல்மான் ஒரு கட்டுரையைப் போட்டார். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு. எந்த இதழுக்கும் அவர் அனுப்பவில்லை. பொவாங்கரே ஊகம் என்ற, சுமார் நூறு ஆண்டாக யாராலும் அவிழ்க்க முடியாத புதிர் அதில் அவிழ்ந்தது. மற்ற கணித அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகப் பிரித்துப் பார்த்துச் சரி என்றார்கள். 2010-ல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசை அவர் வாங்கவில்லை.

2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளைப் பற்றி அதே தளத்தில் எழுதியது. சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் பாயும் என்றது. காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் ஒரு துண்டின் காணொளி உலகத்தைச் சுற்றியது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் தாங்களே செய்து பார்த்தன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் விஷயம் தெளிந்துவிட்டது: மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம், கலப்படமாக உள்ளே இருந்த செப்பு சல்பைடு. ஜெர்மனியில் கலப்படமில்லாமல் வளர்த்த படிகம் மின்சாரத்தையே கடத்தவில்லை.

தளத்தின் பெயரை வைத்து இந்த இரண்டில் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எனவே உங்கள் குழுவில் கட்டுரை வந்தால், வேறு யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கணினித் துறைக் கட்டுரை என்றால் நிரலையும் தரவையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் ஒரு சனிக்கிழமை நீங்களே ஓட்டிப் பார்க்கலாமே.

கேள்வி: புவிசார் அரசியலையும் "ஆய்வு" என்கிறார்களே! காப்பிக் கடையில் நாங்கள் பேசுவதும் அதுதான். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– டாக்சி ஓட்டுநர், ஜூரோங்

பதில்: காப்பிக் கடைப் பேச்சுக்கு நான் எதிரி அல்ல அண்ணே. வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது.

சிங்கப்பூருக்குக் கிழக்கே சுமார் 24 கடல் மைல் தள்ளி பெட்ரா பிராங்கா என்ற சின்னப் பாறை. 137 மீட்டர் நீளம். மேலே 1851-ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். அது யாருடையது என்று மலேசியாவுடன் நடந்த வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று 12-க்கு 4 என்று சிங்கப்பூர் பக்கம் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் பாறை ஜொகூர் சுல்தானகத்துடையது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் தீர்ப்பு இந்தப் பக்கம் சாய்ந்ததில் ஒரு கடிதத்துக்குப் பெரிய பங்கு. 1953 ஜூன் மாதம் சிங்கப்பூர்க் காலனி அரசு, அந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூரைக் கேட்டது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் பதில் எழுதினார்: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை.

ஆய்வாளரின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதியவருக்கு அந்த அதிகாரம் உண்டா? அதற்குப் பிறகு இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டன? அப்போதைய வரைபடங்கள் என்ன சொல்கின்றன? எழுதியவருக்கு அதிகாரமில்லை என்று மலேசியா வாதாடியது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-ல் மலேசியா, பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் புதிய தாள்கள் கிடைத்தன என்று சொல்லி மறுஆய்வு கேட்டது. 2018-ல் அந்த மனுவைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பு உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், எந்தத் தாளை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பக்க எண்ணோடு பதில் வரும். அடுத்த தடவை கடையில் யாராவது "எனக்கு உள்ளே நடப்பது தெரியும்" என்று ஆரம்பித்தால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரை வாங்கக் காசு கேட்கிறார்களே, இலவசமாகப் படிக்க வழி உண்டா?
– இல்லத்தரசி, அங் மோ கியோ

பதில்: உண்டு. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல். கணிதம், இயற்பியல், கணினி என்றால் மேலே சொன்ன ஆர்கைவ். தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களையும் உறுப்பினராக இருந்தால் பார்க்கலாம்; விக்டோரியா ஸ்திரீட்டில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்கு நேரில் போனால் நூலகர் உட்காரவைத்துக் காட்டுவார். எதுவும் கிடைக்கவில்லையா, கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். தலைப்பையும் ஆண்டையும் குறிப்பிட்டு, எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். என் மாணவர்கள் பலருக்கு அப்படிக் கேட்டுக் கட்டுரை வந்திருக்கிறது, சிலருக்குக் கூடவே தரவுக் கோப்பும்.