ஃப்ரெண்டு சொன்ன ரகசியத்தை என் பொண்ணு என்ன பண்ணுவா?

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, 12 வயசு. ஸ்கூல்ல 'பியர் சப்போர்ட்' ட்ரெயினிங்குக்கு அவளை எடுத்திருக்காங்க, கூடப் படிக்கிற பசங்களுக்கு மனசு சரியில்லன்னா இவ பேசணுமாம். இவளே சின்னப் பொண்ணு, அடுத்தவங்க கஷ்டத்தையெல்லாம் தாங்குவாளா? வேண்டாம்னு சொல்லிடலாமா?
– ஒரு அம்மா

பதில்: அவசரப்பட்டு வேண்டாம்னு சொல்லாதீங்கம்மா, ஆனா உங்க பயம் நியாயமானதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 10லேர்ந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல ஏழு பேருக்கு ஒருத்தருக்கு மனநலப் பிரச்சினை இருக்கு, அவங்க முதல்ல வாயத் திறக்கறது பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுலதான், நம்மகிட்ட இல்ல. உங்க பொண்ணு ட்ரெயினிங் போகலன்னாலும் யாராச்சும் வந்து சொல்லத்தான் போறாங்க, அப்போ திருதிருன்னு முழிக்காம இருக்கறது நல்லதுதானே.

ஒழுங்கான ட்ரெயினிங்ல பசங்களை குட்டி டாக்டர் ஆக்க மாட்டாங்க. அதே நிறுவனம் 2011ல பேரிடர் நேரத்துல உதவப் போறவங்களுக்கு ஒரு மனநல முதலுதவி கையேடு போட்டாங்க, அதுல பெரியவங்களுக்கே பாரு, கேளு, சரியான ஆள்கிட்ட சேர்த்துவிடுன்னு மூணே வேலைதான். பசங்களை ஜோடி ஜோடியா உக்கார வெச்சு நடிக்க விடுவாங்க, ஒருத்தி "நேத்து நைட்டு முழுக்க அழுதேன்டி"ன்னு சொன்னா மத்தவ "அட இதுக்குப் போயா"ன்னு சொல்லாம, அட்வைஸும் பண்ணாம கேக்கணும், கேக்க ஈஸியா இருக்கும், பெரியவங்க நமக்கே வராது.

முக்கியமான இடம் ரகசியம்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னு கேட்டா பண்ணக் கூடாது, "உனக்கு ஆபத்துன்னா மிஸ்கிட்ட சொல்லுவேன், நானும் கூட வரேன்"னு முன்னாடியே சொல்லிடணும். சாகணும்னு பேச்சு, கையைக் கீறிக்கறது, யாரோ அடிக்கறது, தப்பா தொடறது, இதெல்லாம் அன்னிக்கே ஒரு பெரியவங்க காதுக்குப் போயாகணும்.

அதனால ஸ்கூல்ல கேளுங்க: அந்தப் பெரியவங்க யாரு? ட்ரெயினிங் முடிஞ்சப்புறமும் பசங்களை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவாங்களா? பிடிக்கலன்னா இவ விலகிக்கலாமா? ரெண்டு மணி நேர கிளாஸ் எடுத்து பேட்ஜ் குத்தி அனுப்பற கதைன்னா தாராளமா வேண்டாம்னு சொல்லிடுங்க.

கேள்வி: நல்லா படிக்கிற, அமைதியான பசங்களாப் பார்த்துதான் இதுக்கு எடுக்கறோம், சரிதானே?
– ஒரு டீச்சர்

பதில்: சரியில்ல மிஸ். இங்கிலாந்து, வேல்ஸ்ல 59 ஸ்கூல்ல 12, 13 வயசுப் பசங்களை வெச்சு சிகரெட் பழக்கத்தைத் தடுக்க ஒரு ஆய்வு நடந்துச்சு, 2008ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. அதுல யார் பேச்சுக்கு மதிப்புன்னு பசங்களே எழுதிக் குடுத்தாங்க, அந்த ஆளுங்களுக்குத்தான் ட்ரெயினிங், சிகரெட் பக்கம் போறது குறைஞ்சுது. நீங்களும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு குடுத்து "கஷ்டம்னா யார்கிட்ட சொல்லுவே?"ன்னு எழுத விடுங்க, கடைசி பெஞ்ச் பேரு வந்தா அதை நீக்கிடாதீங்க, கேட்டுட்டு சம்மதிச்சா சேர்த்துக்குங்க.