கட்டெறும்புக் கூட்டில் வெள்ளை உண்ணி

கேள்வி: சோதனைக் குழாயில் வளரும் கட்டெறும்புகளின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். மருந்தில்லாமல் போக்கலாமா?

பதில்: போக்கலாம். மருந்து எறும்பையும் கொல்லும். லென்ஸில் பாருங்கள்: கால் மூட்டில் அசையாமல் ஒட்டியிருந்தால், அநேகமாக வாயில்லாத சவாரிப் பருவ உண்ணி, அதாவது பிற உயிர்மேல் ஒட்டி இடம்மாறும் பருவத்து உண்ணி. கடிக்காது, ஆனால் மொய்த்தால் பாவம், எறும்பு நடக்கவே திணறும்.

மிச்சத் தீனியும் ஈரமும்தான் மூலம். தீனியாக வைத்த கரப்பான் துண்டை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தீனிப் பூச்சியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். புதுக் குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றி வாயோடு வாய் பொருத்தி, பழையதில் வெளிச்சம் படவிடுங்கள், எறும்புகள் தாமே குடிமாறும். பழைய குழாயின் பஞ்சை எறிந்துவிடுங்கள். இரை வைக்கும் பெட்டி காய்ந்திருக்கட்டும். ஆனால் குழாயை உலர்த்திவிடாதீர்கள், எறும்பின் புழுக்கள் வற்றிச் செத்துவிடும்.

மண் கூடென்றால் ஸ்ட்ராடியோலேலாப்ஸ் என்ற வேட்டை உண்ணியை விடலாம். இரை தீர்ந்ததும் அதுவும் குறைந்துவிடும்.