25.10 போட்டதும் ஆட்டோகீ நின்னது பற்றி

அண்ணே, மார்த்தாண்டம் கடையில கணினிக்கு உபுண்டு இயங்குதளத்தோட 25.10 பதிப்பைப் போட்டதும், சுருக்கத்தை அடிச்சா முழு வாசகத்தையும் தானா அடிக்கிற ஆட்டோகீ செயலி நின்னுபோச்சு, கல்யாணக் கார்டு வாசகத்தை முழுக்கக் கையால அடிக்கிறோம்னு எழுதியிருந்தீங்க. ஆட்டோகீ எக்ஸ்11-ஐ (திரையையும் விசைப்பலகையையும் கையாளுற பழைய முறை, ஸோர்க்னும் சொல்வாங்க) நம்பி எழுதினது. 25.10-ல உபுண்டுவோட வழக்கமான நோம் திரைக்கு, எக்ஸ்11-க்குப் பதிலா வந்த வேலண்ட் மட்டும்தான், ஸோர்க் தெரிவையே எடுத்துட்டாங்க. ஒரு செயலி அடுத்த செயலிக்குள்ள எழுத்தை நுழைக்க வேலண்ட் லேசுல விடாது. பாதுகாப்புக்காக வேணும்னே செஞ்சதுதான்.

"சோதிக்காமலா வெளியிட்டாங்க"ன்னு நீங்க கேட்கிறது எனக்குச் சரியாப் படல. 25.10 இடைக்கால வெளியீடு, 9 மாசம்தான் ஆதரவு. பெரிய மாற்றங்களை எல்டிஎஸ்-க்கு (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) முன்னாடி இதுலதான் இறக்கிப் பார்ப்பாங்க. 24.04 எல்டிஎஸ்-க்கு 5 வருஷம், 2029 வரை. கடைக்கு அதுதான் சரி. ஆனா எண் பெரிசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறதும் இயல்புதான். பதிவிறக்கப் பக்கத்துல இரண்டையும் ஒண்ணா வைக்கிறது எனக்கும் பிடிக்கல.

கையில இருக்கிற கார்டு வேலைக்கு நோமுக்குப் பதிலா எக்ஸ்எஃப்சிஇ-ன்ற வேற திரைச்சூழலை நிறுவுங்க. உள்நுழையும்போது அதைத் தேர்ந்தா எக்ஸ்11-லதான் ஓடும், ஆட்டோகீயும் ஓடணும்.

முகூர்த்த நெருக்கடி தீர்ந்ததும் 24.04-ஐப் புதுசாவே போடுங்க, பழைய பதிப்புக்கு அப்படியே இறங்க வழி கிடையாது. முன்னாடி கோப்பு எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்துக்குங்க. உங்க வாசகங்க வீட்டு அடைவுல மறைஞ்சிருக்கிற கான்ஃபிக் அடைவுக்குள்ள, ஆட்டோகீ பேர்ல இருக்கும். கண்ட்ரோல்+எச் அடிச்சாத் தெரியும். அதை விட்டுடாதீங்க. நிறுவினதும் உள்நுழையும் திரையில பல்சக்கரத்தைத் தட்டி ஸோர்க் தெரிவை எடுங்க. 26.04-க்குத் தாவ வேண்டாம், அதுலயும் ஸோர்க் திரும்பி வரல.