கேள்வி பதில்: ஒரே சர்வர், இருபது பேர், யாருக்கு எவ்வளவு இணையம்?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இருபது பேரும் ஒரே விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்துதான் டேலியில் வேலை பார்க்கிறோம். பார்ட்னர்கள் நான்கு பேருக்கு முழு இணையம் வேண்டும், மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி, வருமானவரி, வங்கித் தளங்கள் போதும். ஃபயர்வாலில் யூடியூபைத் தடுத்தால் பார்ட்னர்களுக்கும் சேர்த்து நின்றுவிடுகிறது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் விண்டோஸ் பட்டியல்) எழுதிப் பார்த்தேன், அதே கதை. என்ன செய்யலாம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: அதே கதையாகத்தான் இருக்கும். ஃபயர்வால் பார்ப்பது ஐபி முகவரியை. இருபது பேரும் வெளியே போவது சர்வரின் ஒரே ஐபியில். பெரிய முதலாளி யார், நேற்று சேர்ந்த பையன் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஹோஸ்ட்ஸ் ஃபைலும், தளப் பெயரை வைத்துத் தடுக்கும் டிஎன்எஸ் ஃபில்டரும் மொத்த மெஷினுக்கும் பொது. ஆக, ஆளை அடையாளம் தெரிகிற இடத்தில்தான் தடுக்க வேண்டும்.

அந்த இடம் பிரவுசர். எட்ஜிலும் க்ரோமிலும் 'யூஆர்எல் பிளாக்லிஸ்ட்', 'யூஆர்எல் அலோலிஸ்ட்' என்று இரண்டு பாலிசிகள் (நிர்வாகி போடும் கட்டுப்பாடுகள்) இருக்கின்றன, இவற்றை யூசர் வாரியாகப் போடலாம். பிளாக்லிஸ்டில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி (எல்லாத் தளமும் என்று பொருள்), அலோலிஸ்டில் உங்களுக்கு வேண்டிய தளங்கள், அவ்வளவுதான். டொமைன் (எல்லா கம்ப்யூட்டரையும் யூசரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) இருந்தால் ஊழியர்கள் குரூப்புக்கு மட்டும் பொருந்தும்படி குரூப் பாலிசி போடுங்கள். சர்வரில் நுழையும்போது மட்டும் இது வேலை செய்ய வேண்டும், அவரவர் மேசை கம்ப்யூட்டரில் வேண்டாம் என்றால் லூப்பேக் ப்ராசஸிங்கையும் (நுழையும் கம்ப்யூட்டரைப் பொறுத்து யூசர் பாலிசியைப் பொருத்தும் அமைப்பு) இயக்க வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சின்ன ஆபீஸ்களில் டொமைன் இருக்காது. அப்போதும் வழி உண்டு. எட்ஜின் பாலிசி டெம்ப்ளேட்டை இறக்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாலிசி டெஃபனிஷன்ஸில் போட்டுவிட்டு, எம்எம்சியில் (விண்டோஸின் நிர்வாகக் கருவி) குரூப் பாலிசி எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் அழுத்தி, யூசர்ஸ் டேப்பில் 'நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தடையை அங்கே போடுங்கள். அப்புறம் அதே இடத்தில் நான்கு பார்ட்னர்களையும் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து அந்த பிளாக்லிஸ்டை 'டிசேபிள்ட்' ஆக்குங்கள். தனி ஆளுக்குப் போட்டது கடைசியாகப் படிக்கப்படுவதால் அதுதான் ஜெயிக்கும். இணையம் வேண்டும் என்பதற்காக பார்ட்னர்களை அட்மின் ஆக்கிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. யாராவது போர்ட்டபிள் பிரவுசரைத் தன் லேப்டாப் டிரைவிலிருந்து சர்வருக்குள் இழுத்துப் போட்டால் இந்தப் பாலிசி எதுவும் செல்லாது. லேப்டாப் டிரைவை சர்வருக்குள் காட்டும் டிரைவ் ரீடைரக்‌ஷனை நிறுத்துங்கள், எந்த ப்ரோகிராம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் ஆப்லாக்கரில் விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் இருப்பது மட்டும் ஓடட்டும் (டேலி வேறு டிரைவில் இருந்தால் அதற்குத் தனி விதி போட மறந்தால் மறுநாள் காலை உங்கள் ஃபோன் ஓயாது).

யார் எங்கே போனார் என்ற பதிவும் வேண்டுமென்றால் ஸ்க்விட் போன்ற ப்ராக்ஸிதான் (பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை அனுப்பும் மென்பொருள்) சரி. லாகின் கேட்கும் ப்ராக்ஸியாக இருக்க வேண்டும். பிரவுசருக்குத் தெரியாமல் நடுவில் உட்காரும் டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி யூசர் பெயர் கேட்க முடியாது, அதனால் இங்கே பயனில்லை. டொமைனும் கெர்பரோஸும் (விண்டோஸ் லாகினையே அடையாளமாகக் காட்டும் முறை) இருந்தால் பாஸ்வேர்டு பெட்டி எழும்பாமலே பெயர் லாகில் விழும். கூடவே சர்வரின் ஐபியிலிருந்து 80, 443 போர்ட்கள் (இணையத் தளங்களுக்கான வாசல் எண்கள்) ப்ராக்ஸியைத் தாண்டி நேராக வெளியே போவதை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள், 443-இன் யூடிபியையும் (தரவு போகும் இன்னொரு முறை) சேர்த்து. விண்டோஸ் அப்டேட்டுக்கு மட்டும் தனியாக வழி விடுங்கள்.

விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் ஒவ்வொரு செஷனுக்கும் (சர்வரில் நுழைந்த ஒவ்வொருவருக்கும்) தனி ஐபி கொடுக்கும் வசதியும் உண்டு. இருபது பேருக்காக அந்தத் தலைவலியை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் தனிப்பட்ட சாளரம்) திறந்தால் பிளாக்லிஸ்ட் வேலை செய்யுமா?
(வாசகி, மதுரை)

பதில்: செய்யும். ஹிஸ்டரிதான் மறையும், தடை மறையாது.