டாக்டருங்க, ரிப்போர்ட்டுல 'எச்'னு போட்டிருக்குதுங்க

கேள்வி: எங்கம்மாவுக்கு 61 வயசுங்க, கோபி பக்கத்துல தோட்டத்துல இருக்கறோம். பெருங்குடல்ல கேன்சர்னு தை மாசம் ஆபரேஷன் பண்ணுனோம், இப்ப கீமோ போயிட்டிருக்குது. சிஇஏன்னு கேன்சருக்குப் பாக்கற ரத்த டெஸ்ட்டு மொதல்ல 18 இருந்துச்சு, ஆபரேஷனுக்கப்புறம் 2.9க்கு வந்துருச்சு, ரெண்டாவது கீமோ முடிஞ்சு வேற லேப்ல எடுத்தா 6.1ங்கறாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா நம்பருக்குப் பக்கத்துல கருப்பா 'எச்' இருந்தா ஆகாதுன்னு கண்டுபுடிச்சு வெச்சிருக்குது. அன்னைலருந்து சோறே திங்கறதில்லீங்க. திரும்ப வந்துருச்சுங்களா?

பதில்: வெசனப்படாதீங்க அம்மிணி, இந்த ஒரு நம்பர வெச்சு யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. மொதல் தப்பு லேப மாத்துனதுதான். ஒரே மஞ்ச மூட்டைய ரெண்டு தராசுல போட்டா ரெண்டு எடை காட்டும்ல, அதே கததான், ஒவ்வொரு கம்பெனியோட டெஸ்ட் கிட்டும் ஒவ்வொரு மாதிரி அளக்கும், 2.9ஐயும் 6.1ஐயும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாது.

அடுத்தது கீமோ. சிஇஏவ ரத்தத்துலருந்து கழிச்சு விடறதே ஈரல்தான், ஆக்சாலிபிளாட்டின் மாதிரி கீமோ மருந்து ஈரல சோதிக்கறப்ப அது தேங்கி நம்பர் ஏறலாம், அதனாலதான் புதுசா கீமோ ஆரம்பிச்ச மொதல் 4-6 வாரத்து ரீடிங்க டாக்டருங்க அவ்வளவா நம்பறதில்ல. பீடி சிகரெட்டுக்கும் ஏறும் (உங்கம்மா குடிக்கமாட்டாங்கன்னு தெரியும், கேட்டவங்க எல்லாருக்கும் சேத்திச் சொல்றேன்). 5க்கு மேல போனா கம்ப்யூட்டர் தானா 'எச்' (ஹை, அதாவது அதிகம்னு) போட்டுரும், அதுக்கு உங்கம்மா யாருன்னே தெரியாது.

ஆனா கண்டுக்காமயும் விட்றாதீங்க. அவிங்களுக்கு மொதல்லயே 18 இருந்து ஆபரேஷன்ல எறங்குச்சே, அப்ப இந்த டெஸ்ட் அவிங்களுக்குப் பேசற டெஸ்ட்தான். சில பேருக்கு கேன்சர் இருந்தும் சிஇஏ ஏறவே ஏறாது, அவிங்களுக்கு இதப் பாத்து பிரயோஜனமில்ல. பழைய லேப்லயே திரும்ப எடுங்க, கூடவே ஈரல் டெஸ்டும். அங்கயும் ஏறியிருந்து, அடுத்த தடவ இன்னும் ஏறுனா டாக்டர் சிடி ஸ்கேன் எழுதுவாரு, அதுல தெரியறதுதான் கணக்கு. அதுவரைக்கும் நீங்களா கீமோவ நிறுத்தப்படாது.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாச்சும் குடுக்கறீங்களா? சில மெஷின்ல அது ரீடிங்கயே மாத்தி விட்ரும், ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. அப்பறம் இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறெல்லாம் வேண்டியதில்ல, அம்மாள நல்லா சாப்பிட வெச்சே கூட்டிட்டுப் போங்க.