0.39 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்ட பிராசஸர்

கேள்வி: என் மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ5-8250யூ பிராசஸர் உள்ளது. வாங்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்றார்கள். சென்ற மாதம் சார்ஜர் பழுதானதால் கடையில் வேறொன்று வாங்கினேன். அதன் பிறகு கணக்கு மென்பொருள் திறக்கவே சில நிமிடங்கள் ஆகின்றன. டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவியும் பயனில்லை. பிராசஸரே போய்விட்டதா?

பதில்: போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிராசஸர் உண்மையில் பழுதானால் கணினி தொடங்காது, அல்லது வேலையின் நடுவே உறைந்துபோகும். மெதுவாக, ஆனால் பிழையின்றி ஓடுகிறது என்றால், மெதுவாக ஓடும்படி அதற்கு எங்கிருந்தோ கட்டளை வருகிறது என்றே கொள்ள வேண்டும். கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் குறிப்பிட்ட எண்ணே ஏறக்குறையக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. (செயலி என்றால் இன்று பலருக்கும் ஆப் நினைவுக்கு வருவதால், பிராசஸர் என்றே எழுதுகிறேன்.)

முதலில் 3.4 என்ற கணக்கைச் சரிசெய்துகொள்வோம். உங்கள் பிராசஸருக்கு 15 வாட் மின்செலவில் இன்டெல் உறுதியளிக்கும் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே, 3.4 என்பது வெப்பமும் மின்சாரமும் இடம்கொடுக்கும்போது சிறிது நேரம் தொடக்கூடிய டர்போ உச்சம். வேலையில்லாதபோது வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதும் மின்சாரச் சிக்கனத்திற்கான இயல்பான நடத்தைதான். ஆகவே, கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது நடந்துகொண்டிருக்கும்போது காட்டும் வேகத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்போது வேகம் 1.6 அல்லது 1.8இல் ஆணியடித்தாற்போல் நின்றால் டர்போ அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலை 100க்குப் பதில் 99 சதவீதமாக இருந்தாலே இது நேரும். மூன்றுக்கு மேல் ஏறி, அரை நிமிடத்தில் இரண்டு, இரண்டரைக்கு இறங்கினால் அது 15 வாட் வரம்பின் வேலை; குறை சொல்ல ஒன்றுமில்லை. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கி, வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் விசிறியில் அடைந்த தூசியையும் பிராசஸரின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களுடையது இவற்றில் எதுவுமில்லை. இந்தப் பிராசஸர் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பைப் பெருக்கித் தன் வேகத்தை அமைத்துக்கொள்கிறது. துடிப்பு 100க்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் அதன் நான்கு மடங்கு 0.39 என்று தெரிகிறது. பிராசஸர் இறங்கக்கூடிய கடைசிப் படியும் அந்த வேகமே.

வேலைப் பளு இருந்தும் ஒரு பிராசஸர் கடைசிப் படியை விட்டு அசையாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது புரோக்ஹாட் என்னும் எச்சரிக்கை இணைப்பை. பிராசஸர் அளவுமீறிச் சூடாகும்போது அதை மதர்போர்டுக்கு (பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகைக்கு) தெரிவிக்க ஏற்பட்ட இந்த இணைப்பு இருவழிப் பாதையாகவும் செயல்படும். அதாவது, மின்வழங்கல் பகுதியிலோ பேட்டரியிலோ சிக்கல் என்று மதர்போர்டு கருதினால், பிராசஸர் குளிர்ந்திருந்தாலும் அதே இணைப்பின் வழியே அதனை அடக்கிவிடும். விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் இது மாறாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் கெர்னல் பிராசஸர் பவர் என்ற பெயரில் 37ஆம் எண் பதிவு இருந்தால், வேகத்தை ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்று விண்டோஸே சாட்சி சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் புதிய சார்ஜர் மீதுதான். சில நிறுவனங்களின் சார்ஜர் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். தான் எத்தனை வாட் தரக்கூடியது என்பதைச் சார்ஜர் அதன் வழியாகவே மடிக்கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால், எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று தெரியாத மடிக்கணினி, பேட்டரியை ஏற்றுவதை நிறுத்தி, பிராசஸரையும் அடக்கிவிடும். பழைய சார்ஜரின் மேல் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது 65 வாட், புதியதில் 2.31 ஆம்பியர் என்றிருந்தால் 45 வாட்தான்.

சோதிப்பது எளிது. கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்த பின், பேட்டரியில் மட்டும் இயக்குங்கள். வேகம் திரும்பிவிட்டால் குற்றவாளி சார்ஜர், அல்லது அது செருகும் துளை. திரும்பாவிட்டால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிச் சார்ஜரில் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டிருந்தால் அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் சார்ஜரின் வாட் அளவு காட்டப்படும் மாடலாக இருந்தால், அங்கே வாட் எண்ணுக்குப் பதில் தெரியாத சார்ஜர் என்று வருகிறதா என்பதையும் பாருங்கள்.

த்ராட்டில்ஸ்டாப் என்னும் மென்பொருளில் பிடி புரோக்ஹாட் (பிடி என்பது இருவழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற குறியை எடுத்துவிட்டால் உடனே வேகம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். வரும், நோயைக் கண்டறியும் சோதனையாக ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம். ஆனால் அதை நிரந்தரமாக்க நான் ஒப்பமாட்டேன். பிராசஸர் 100 டிகிரியில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மதர்போர்டின் மின்வழங்கல் பாகங்களுக்கும் வலுவற்ற சார்ஜருக்கும் அந்தக் காவல் இல்லாமல் போய்விடும்.

உங்கள் மாடலுக்குரிய, அதே வாட் அளவுள்ள அசல் சார்ஜரை யாரிடமாவது இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் அதையே வாங்கிக்கொள்ளலாம். அசல் சார்ஜரிலும் 0.39ஐத் தாண்டாமல், பேட்டரியில் மட்டும் சரியாக ஓடினால், சார்ஜர் செருகும் துளையின் நடு ஊசிக்குச் செல்லும் கம்பி அறுந்திருக்கக்கூடும். பல மாடல்களில் அந்தத் துளை கேபிளோடு தனிப் பாகமாகக் கிடைக்கும். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம்.